தோட்டத்தில் கிடந்த வண்டி

பழைய மோட்டார் வண்டி வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. செப்பனிடுவதற்காக வாங்குகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் கணக்குப் பார்த்து வாங்குகிறார்கள். புது வண்டிக்குப் பணம் போதவில்லை, பழையது போதும் என்று திருப்தியடைகிறார்கள். இரண்டாம் வகையினர் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. கணக்கைப் பார்க்க விரும்பாதவர்கள். சக்கரம் சுழலாத, இயந்திரம் உறுமாத, கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும் ஒரு வண்டியைக் காசு கொடுத்து வாங்கி, அதை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கி வைப்பார்கள். "அடுத்த தைக்குள் ஓட்டிவிடுவேன்" என்பார்கள். எந்த வருஷத்துத் தை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஊர் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. வீட்டில் இருக்கிறவர்கள் சிரிப்பதில்லை. அவர்களுடைய மனநிலை வேறு. நான் இந்தக் கட்டுரையில் இவர்கள் கட்சி பேச வந்திருக்கிறேன். அதிலும், வேலையை முடித்துக் காட்டியவர்களுக்கு என் வக்காலத்துத் தேவையில்லை. வாங்கி வந்து, கொஞ்சம் கழற்றிப் போட்டு, முடிக்காமலே விட்டவர்களுக்காகத்தான் வாதாடப்போகிறேன். அப்படி ஒருவர் முடிக்காமல் விட்டதனால் ஒரு தேசத்தின் தொழில் வரலாற்றில் கிழிந்துபோன ஏடு ஒன்று திரும்பக் கிடைத்தது. அந்த வரலாற்றைக் கேளுங்கள்.

கதை ஜீப்பில் தொடங்குகிறது. 1940-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை; ஆனால் இறங்க நேரும் என்று அதன் ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. குதிரைக்குப் பதிலாக ஓடக்கூடிய, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கக்கூடிய, எடை குறைந்த ஒரு சிறு வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். மாதிரி வண்டியைக் குறித்த கெடுவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த பாண்டம் என்னும் சின்னஞ்சிறு கம்பெனி. அந்த வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி அது ராணுவத்தாரின் பரிசோதனைக் களத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் சிறிய கம்பெனியை நம்பிப் பெரிய யுத்தம் நடத்த முடியுமா? பெரும்பாலான வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் அவ்விரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. முதலில் பெற்றவள் ஒருத்தி, வளர்த்துப் பேர் வாங்கியவர்கள் வேறு இருவர் என்று ஆயிற்று.

யுத்தம் முடிந்தது. உலகமெங்கும் ஜீப்புகள் வேலையற்று நின்றன. ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கியதைக் குடியானவர்களும் தோட்டக்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள். நம் தேசத்துக்கும் ஜீப் வந்தது. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கினார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி எதுவானாலும் 'ஜீப்பு' என்றே சொல்லும் வழக்கம் நமக்கு வந்தது அப்படித்தான்.

இங்கிலாந்தில் அந்த ஜீப்புகளில் ஒன்று மாரிஸ் வில்க்ஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ரோவர் மோட்டார் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர். அவருடைய அண்ணன் ஸ்பென்ஸர் வில்க்ஸ் அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநர். மாரிஸுக்கு வேல்ஸ் தேசத்தின் ஆங்கில்ஸி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே சேற்றிலும் மணலிலும் ஜீப் நன்றாக உழைத்தது. ஆனால் பழைய ராணுவ வண்டி எத்தனை நாள் உழைக்கும்? இது ஓய்ந்தால் அடுத்து என்ன வாங்குவாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப் வாங்குவேன், வேறு என்ன இருக்கிறது என்று தம்பி சொன்னாராம். மோட்டார் வண்டி செய்து விற்கும் இருவர், வேறு தேசத்து வண்டியைத் தவிர கதி இல்லை என்று பேசிக்கொண்டால் அதற்குமேல் அவர்களுக்குத் தூக்கம் வருமா? 1947-இல் ஆங்கில்ஸியின் ரெட் வார்ஃப் கடற்கரையில், மணலிலே கோடு கிழித்து மாரிஸ் தம் வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்பது அந்தக் கம்பெனியார் இன்றும் சொல்லி மகிழும் வரலாறு.

இதில் ஆசை பாதிதான். மீதிப் பாதி அவசியம். ரோவர் கம்பெனியின் பழைய இருப்பிடமான காவென்ட்ரி நகரம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் நாசமாயிற்று. யுத்த காலத்தில் விமான எஞ்சின் பாகங்கள் செய்வதற்காக ஸாலிஹல் என்ற இடத்தில் கட்டப்பட்ட தொழிற்சாலை மட்டும் பெரிதாக நின்றது. அதற்குள் என்ன செய்வது? எஃகுக்குப் பங்கீடு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவனுக்கே எஃகு. ரோவரோ சொகுசான கார்களைச் செய்து பழகிய கம்பெனி. பசியும் பட்டினியுமாக இருந்த உலகத்தில் அவற்றை யாருக்கு விற்பது? ஆகவே, உழவனுக்கு ஒரு வண்டி செய்வோம், இரண்டு மூன்று வருஷம் இதை ஓட்டிச் சமாளித்தால் பிறகு நம் கார்களுக்கே திரும்பிவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் திட்டமிட்டார்கள். தற்காலிகமாகப் போட்ட பந்தல் அது. அந்தப் பந்தல் 2016-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி வரையில் நின்றது! அதே வமிசத்தில் வந்த கடைசி வண்டி ஸாலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது அன்றுதான். அதற்கு முந்தின வருஷமே இருபது லட்சம் என்ற எண்ணிக்கை நிறைந்துவிட்டது.

முதலில் செய்த மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. அதில் ஓட்டுகிறவர் நடுவிலே உட்காருவார், டிராக்டரில் உட்காருவது போல. இடப்புறம் ஓட்டும் தேசத்துக்கு ஒன்று, வலப்புறம் ஓட்டும் தேசத்துக்கு ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்யவேண்டாம் என்ற சிக்கன யோசனை. அது சரிப்படவில்லை. பிறகு தாங்களே அடிச்சட்டம் செய்தார்கள். பெரிய அச்சு எந்திரங்கள் வாங்கப் பணமில்லாததால் தட்டையான எஃகுப் பட்டைகளை வெட்டி, நாலு புறமும் பற்றவைத்து, பெட்டி போல ஆக்கினார்கள். உடலுக்கு எஃகுத் தகடு கிடைக்கவில்லை; அலுமினியம் கிடைத்தது. மக்னீஷியம் கலந்த பர்மாப்ரைட் என்ற அலுமினியத் தகட்டை வளைத்துப் போட்டார்கள். வளைவு நெளிவு அதிகம் இல்லாத பெட்டி உருவம் அந்த வண்டிக்கு வந்தது இந்த வறுமையினால்தான். பின்னால் வந்தவர்கள் அதை அழகு என்று கொண்டாடினார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இப்படி இல்லாமையே வடித்துக் கொடுத்த வண்டி வேறொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெருமளவில் உற்பத்தி செய்யுமுன் பரீட்சைக்காக 48 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் சில 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி திறந்த ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சிக்குப் போயின. உலகம் 'லாண்ட் ரோவர்' என்ற பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டது. சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலம், ஜீப்பின் அதே அளவு; 1.6 லிட்டர் எஞ்சின்; விலை 450 பவுன் ஸ்டர்லிங். இதை வாங்கினால் சந்தைக்குப் போகலாம். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசையை வெளியே எடுத்து, கதிரடிக்கும் யந்திரத்தையோ மரம் அறுக்கும் வாளையோ ஓட்டலாம். ஒரு வண்டியில் காளை, கவலை, கட்டை வண்டி மூன்றும் அடக்கம்.

நடுவில் உட்கார்ந்து ஓட்டும் அந்த முதல் மாதிரி இன்று இல்லை. அதற்கு அருமை உண்டென்று அன்று யாருக்குத் தெரியும்? 48-இல் முதலாவது, ஹெச்.யு.இ. 166 என்ற பதிவெண்ணுள்ளது, தப்பிப் பிழைத்துக் காட்சிப்பொருளாயிற்று. செல்லப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்: 'ஹியூயி'. ஆனால் ஆம்ஸ்டர்டாம் மேடையில் நின்ற மூன்று வண்டிகளில் ஒன்று என்ன ஆயிற்று என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது.

2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்தப் புதிர் அவிழ்ந்தது. ஸாலிஹலுக்குச் சில மைல் தொலைவில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் அந்த வண்டி கிடந்தது! கம்பெனியார் தம் பழைய ஆவணங்களை மாதக்கணக்கில் புரட்டி, யார் யார் கையில் இருந்தது என்று ஆராய்ந்து, இதுதான் அது என்று உறுதிசெய்துகொண்டார்கள். அதன் ஜாதகம் இது: 1960-களில் கடைசியாகத் தெருவில் ஓடியது. பிறகு இருபது ஆண்டுகள் வேல்ஸில் ஒரு வயலில் அசையாமல் நின்று, விசை கொடுக்கும் எஞ்சினாக மட்டும் உழைத்தது. பிறகு ஒருவர் அதைச் செப்பனிடும் ஆசையோடு வாங்கினார். வேலை முடியவில்லை. தோட்டத்தில் நின்றுவிட்டது.

அந்த மனிதரைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு வெற்றி பெற்றவனைவிட, பாதியில் நின்றவனிடம்தான் நாட்டம் அதிகம். நாலு பேர் அவரைக் கேலி செய்திருப்பார்கள். புல் வளர வளர, வண்டி தரைக்குள் இறங்க இறங்க, "இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் இடமாவது மிஞ்சும்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படி யாராவது சொல்லாமல் இருந்திருப்பார்களா?

சரி, அவர் வேலையை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். உளுத்த பாகத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டிருப்பார். நசுங்கிய தகட்டைத் தூக்கியெறிந்து, பின்னால் வந்த வண்டியின் தகட்டைப் பொருத்தியிருப்பார். பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று பச்சை அடித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார். அது குற்றமல்ல, வண்டி அவருடையது. ஆனால் வரலாறு போயிருக்கும்.

ஏனெனில், அந்த 48 வண்டிகளுக்கென்றே 18 தனி அடையாளங்கள் இருந்தன. உற்பத்தி வண்டிகளைவிடத் தடித்த அலுமினியத் தகடு; துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த அடிச்சட்டம்; தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய பின்தொட்டி. ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியபோது இவையெல்லாம் விடப்பட்டன. இவற்றின் அருமை தெரியாதவர் கையில் ஸ்பானர் கிடைத்திருந்தால், "இது என்ன, மற்ற வண்டிகளைப்போல இல்லையே!" என்று மாற்றித் 'திருத்தி' இருப்பார். முடிக்காதவர் செய்த தொண்டு இதுதான்: அவர் அதைக் காயலான் கடைக்கும் விடவில்லை, கெடுக்கவும் இல்லை. நடுவிலே நிறுத்தி வைத்தார். வண்டியும் தன் பங்குக்கு ஒத்துழைத்தது. தடித்த தகடும் துத்தநாகப் பூச்சும் மழையைத் தாங்கின.

இந்த இடத்தில் நம் கோயில்களின் நினைவு வராமல் இருக்குமா? திருப்பணி என்பது புண்ணியம். ஆனால் எல்லாத் திருப்பணியும் புண்ணியமாக முடிவதில்லை. சுவரைத் தூய்மை செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்ததில், சில கோயில்களில் ஆயிர வருஷத்துக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. கவனிப்பாரற்று, எருக்கும் நெருஞ்சியும் மூடிக் கிடந்த கோயிலில் எழுத்துப் பிழைத்தது. பக்தி மிகுந்த கோயிலில் அழிந்தது. இதற்காக, கோயில்களைக் கவனிக்காமல் விடுங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடுவழி ஒன்று உண்டு. அதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரு பெண்மணி காட்டிவிட்டார். கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் பழைய கட்டடத்தைப் பிரித்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை அவர் வீசிவிடவில்லை. புதிய சுவரில் திரும்பவும் பொறிக்கச் செய்து, இது 'பழங்கற்படி' என்ற குறிப்பையும் சேர்த்து வெட்டச் செய்தார். அதாவது, இது பழைய கல்லின் நகல், அசல் அல்ல என்று அந்தச் சுவரே ஒப்புக்கொள்கிறது. புதுப்பிக்கிறவனுக்கு இதைவிட உயர்ந்த ஒழுக்கம் ஒன்று இருப்பதாக நான் அறியேன்.

ஆம்ஸ்டர்டாம் வண்டிக்கு வருவோம். கம்பெனியார் அதைச் செப்பனிடத் தீர்மானித்தபோது ஒரு நெறியையும் அறிவித்தார்கள். வரலாற்றுச் சிறப்புள்ள பாகங்களை மாற்றுவதில்லை. அவற்றின் மேல் காலம் ஏற்றிய மெருகையும் அழிப்பதில்லை. ஆதியில் பூசிய வெளிர் பச்சை வர்ணம் எங்கெங்கே எஞ்சியிருக்கிறதோ அங்கங்கே அதைக் காப்பது. நல்ல நெறிதான். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்த நாளுக்கு அந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது? 1948 ஏப்ரல் 30-ஆம் தேதிக்கா? அன்று அது மாப்பிள்ளை போல மேடையில் நின்றது. ஒரு வேலையும் செய்யவில்லை. வேல்ஸ் வயலில் இருபது ஆண்டு நின்று உழைத்ததே, மாரிஸ் வில்க்ஸ் மணலில் கோடு கிழித்தபோது கண்ட கனவு அதுவல்லவா? யாரோ ஓர் உழவன் போட்ட ஒட்டு, அவன் எண்ணெய்க் கையால் தொட்ட அடையாளம், அவசரத்துக்கு அடித்த ஓர் ஆணி, இவையெல்லாம் 'பிற்காலச் சேர்க்கை' என்று கழித்துவிடத் தக்கவையா? கண்காட்சிக்கு வந்த கனவான்களின் பேச்சு பத்திரிகையில் பதிவாயிருக்கும். உழவனுடைய வரலாறு அந்த ஒட்டில் மட்டுந்தான் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் அவன் இருந்ததற்கே சாட்சி இல்லை.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. உற்பத்தி வரிசையில் முதல் எண்ணான 860001 பொறித்த வண்டி, ஜே.யு.இ. 477 என்ற பதிவெண்ணுள்ளது, இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்தில் பல ஆண்டுகள் ஒரு பண்ணையில் கிடந்தது. அதைச் செப்பனிட்டவர்கள் பழைய தகடுகளையும் தேய்ந்த வர்ணத்தையும் கூடியவரையில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஓடுகிறது, ஆனால் இளமை வேஷம் போடவில்லை. நரைத்த தலையோடு நிமிர்ந்து நடக்கும் பெரியவரைப் பார்ப்பது போல இருக்கும்.

இன்னொன்றின் கதை இதைவிட ரசமானது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வண்டிகளுக்கும் தங்கள் சர்வகலாசாலைகளின் பெயரையே வைத்தார்கள். 'ஆக்ஸ்ஃபோர்டு' என்ற வண்டி பிற்காலத்தில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் நடுவே, நெப்போலியன் சிறையிருந்து மாண்ட ஸெயின்ட் ஹெலினா தீவில் போய் ஒதுங்கியது. அங்கிருந்து அதை ஒருவர் மீட்டுவந்து செப்பனிட்டார். 2019 ஆகஸ்டில் அது சிங்கப்பூரிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டு, டிசம்பரில் லண்டன் வந்து சேர்ந்தது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெஸர் என்பவர், எண்பத்தேழு வயதில், திரும்பவும் வருவதாக இருந்தார். கடைசி நேரத்தில் உடம்புக்கு வந்துவிட்டதால் அவருக்குப் பதிலாகப் பேரன் போனான். வண்டிகளைப் புதுப்பித்துவிடலாம், மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பேரன் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தானே, மனித குலம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் முறை அதுதான் போலும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று யாருக்காவது ஆசை கிளம்பினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கவேண்டும். அந்தக் காலத்து லாண்ட் ரோவரில் அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்று மேலே பார்த்து மயங்கக்கூடாது; குனிந்து அடியைப் பார்க்கவேண்டும். நாலு பட்டைகளைப் பற்றவைத்துச் செய்த அந்த எஃகுச் சட்டம் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். எஞ்சினுக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு எஃகினால் ஆனது. காலடியில்தான் முதலில் உளுக்கும். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டியிருக்கும் இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பிறகு, சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கவேண்டும். எண் ஒத்துப்போகாத வண்டி, ஓடலாம். ஆனால் தான் யார் என்று சொல்லத் தெரியாத வண்டி அது.

வாங்கியான பிறகு எல்லாரும் செய்கிற முதல் காரியம், ஸ்பானரை எடுப்பது. நான் சொல்வேன், முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த பாகம் எந்த இடத்தில் எப்படி இருந்தது, எந்த ஆணி அசல், எந்த ஒட்டு பிறகு வந்தது, இன்று நீங்கள் மாற்றுவது எது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். படம் எடுத்து ஒட்டுங்கள். கழற்றியதை எறியாமல் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். திருக்கோடிகாவில் அந்த மாதரசி செய்த காரியம் இதுதான். அவருக்குக் கல் கிடைத்தது; நமக்குக் காகிதம் போதும். நோட்டுப் புத்தகமுள்ள வண்டியை நீங்கள் முடிக்காவிட்டால்கூட நஷ்டமில்லை. அடுத்து வருகிறவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நோட்டுப் புத்தகம் இல்லாமல் முடித்த வண்டியைப் பார்க்கிறவருக்கோ, எங்கே அசல் முடிந்து எங்கே நீங்கள் தொடங்கினீர்கள் என்று ஒருக்காலும் தெரியாது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறதென்றால், அதை விலைக்குப் போடுமுன் அதன் எண்ணை மட்டுமாவது படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. சாதாரண வண்டியாகத்தான் இருக்கும். ஸாலிஹல் அருகே அந்தத் தோட்டத்து வேலிக்கு வெளியே நடந்துபோனவர்களும் உள்ளே கிடந்ததைப் பற்றி அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.